சங்க விருது: 28 நாள் பொறுத்து உடைத்துப் பாருங்கள்

செப்டம்பர் 15, விசுவேசுவரய்யா பிறந்த நாள். பொறியாளர் தினம். திண்டுக்கல் பக்கம் ஒரு தாலுகா ஊர் எங்களுடையது. சிவில் என்ஜினியர்கள் சங்கத்தில் 140 பேர் இருக்கிறோம். ஆண்டு விழாவையும் அன்றைக்கே வைத்துவிடுவோம். ஒன்பது வருடம் நான் செயலாளராக இருந்தேன். முதல் நாலு வருடம், விருது கொடுப்பது என்றால் கேடயக் கடைக்குப் போன் போட்டு எத்தனை உருப்படி என்று சொல்வதுதான் என்று நினைத்திருந்தேன்.

நாலாவது வருடம் மேடையில் 14 கேடயம் கொடுத்தோம். எல்லாவற்றிலும் 'சிறந்த சேவைக்காக' என்றே பொறித்திருந்தது. அதில் ஒன்று மதியச் சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்ட கடைக்காரருக்கு. இரண்டு, வந்துவிட்டார்களே, வெறுங்கையோடு அனுப்ப முடியுமா என்பதற்காக. அந்த நேரத்தில் எங்கள் பொருளாளர் பந்திக் கூடத்து வாசலில் நின்று சமையல்காரருக்கு நோட்டு எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருடமாக விழா நாளில் அவர் நிற்கிற இடம் அதுதான். வீட்டுக்குத் திரும்பும்போது என் பைக்கின் பின்னால் உட்கார்ந்து வந்த ஜூனியர் பையன் கேட்டான்: "சார், சேவைன்னா சாப்பாட்டு பில்லா சார்?"

அதற்கப்புறம் ஐந்து வருடம் முட்டி மோதிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வக்கீல்கள் சங்கமோ மருந்தாளுநர் சங்கமோ, எதுவானாலும் பெரிய வித்தியாசம் இருக்காது.

முதல் வேலை, நன்றியையும் விருதையும் பிரிப்பது. பணம் கொடுத்தவர், மண்டபம் கொடுத்தவர், சிறப்பு விருந்தினர், எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லுங்கள், சால்வை போடுங்கள். விருதுப் பட்டியலில் மட்டும் சேர்க்காதீர்கள். நாங்கள் 14ஐ இரண்டாகக் குறைத்தோம்: சேவைக்கு ஒன்று, தலைமைக்கு ஒன்று. "பன்னிரண்டு பேர் மனசு நோகுமே" என்று செயற்குழுவில் பெரிய சண்டை. நொந்தது உண்மைதான். இரண்டு பேர் அந்த வருட சந்தாவைக் கட்ட ஆறு மாதம் இழுத்தடித்தார்கள்.

சேவை எது, தலைமை எது என்பதில்தான் பல சங்கங்கள் குழம்புகின்றன. தலைவராக இருந்தவருக்குத் தலைமை விருது, இல்லாதவருக்குச் சேவை விருது என்று கொடுத்துவிடுகிறார்கள். பதவிக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. எங்கள் ஊரில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொன்னால் புரியும்.

2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறைக்கு வந்தன. பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட வேண்டும், மனைப் பரப்புக்கு எத்தனை மடங்கு கட்டலாம் என்று பழைய கணக்குகளெல்லாம் மாறிப்போயின. இருபது வருடமாகக் கண்ணை மூடிக்கொண்டு பிளான் போட்டவர்கள் தடுமாறினார்கள். உறுப்பினர் ஒருவர் எட்டு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்திலிருந்து ஒரு மணி வரை, ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் வகுப்பு எடுத்தார். பிளாக் போர்டு கிடையாது. ஒரு ஷட்டரிங் பிளைவுட்டில் கருப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து சாய்த்து வைத்தார். இது சேவை.

2024 ஜூலையில் கட்டட அனுமதிக்குச் சுயசான்று முறை வந்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. எங்களில் மூத்தவர்கள் பலருக்கு மவுஸ் பிடித்தே பழக்கமில்லை. சங்கத்துப் பெண் என்ஜினியர் ஒருவர் நினைத்திருந்தால் எல்லோருக்கும் தானே உட்கார்ந்து அப்லோடு பண்ணிக் கொடுத்திருக்கலாம், பேரும் வந்திருக்கும். அவர் ஊரை நாலாகப் பிரித்து, பகுதிக்கு ஒரு இளைஞராக நாலு பேருக்குக் கற்றுக்கொடுத்து, அவர்கள் நம்பரை மட்டும் எல்லோருக்கும் அனுப்பினார். இப்போது அவர் கோயம்புத்தூருக்குக் குடிபோய்விட்டார். அந்த நாலு பேரும் இன்னும் செய்துகொண்டிருக்கிறார்கள். இதை நான் தலைமை என்பேன். அவர் சங்கத்தில் எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை.

அடுத்தது காலம். சைட்டில் கான்கிரீட் போடும்போது, பலம் எவ்வளவு என்று பிறகு உடைத்துப் பார்க்க, அதே கலவையில் 150 மில்லிமீட்டர் கனசதுரக் கட்டிகள், அதாவது கியூப், வார்த்து வைப்போம். ஏழாம் நாள் சிலதை உடைத்து ஒரு நோட்டம் பார்ப்பதுண்டு. ஆனால் பாஸா ஃபெயிலா என்று சொல்வது 28ஆம் நாள் உடைக்கிற கியூப்தான். விருதுக்கும் அப்படி ஒரு பொறுமை வேண்டும். போன மாதம் நடந்த ரத்த தான முகாமுக்கு இந்த மாதம் விருது கொடுத்தால், ஏழாம் நாள் ரிசல்ட்டை வைத்துக்கொண்டு மேல்தளம் போட்ட கதை. எங்கள் விதி: செய்த வேலைக்கு ஒரு வருடமாவது வயதாகியிருக்க வேண்டும். ஒரு வருடம் கழித்தும் அது நிற்கிறதா, யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாதி விண்ணப்பம் அங்கேயே உதிர்ந்துவிடும்.

பரிந்துரைப் படிவத்தை ஜூன் முதல் வாரம் கொடுங்கள், ஜூலை கடைசியில் மூடிவிடுங்கள். படிவம் ஒரே பக்கம் இருக்கட்டும். கல்வித் தகுதி, அனுபவ வருடம், கட்டிய கட்டடங்கள், இதெல்லாம் எதற்கு? தொழிலில் பெரிய ஆளா என்பது இங்கே கேள்வியே இல்லை. நாங்கள் மூன்று கேள்விதான் வைத்தோம். என்ன செய்தார்? யாருக்குப் பயன்பட்டது, அவர்களில் இரண்டு பேர் போன் நம்பர் என்ன? அவர் செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் எழுத முடியாமல் நிறையப் பேர் படிவத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வருடம் 23 படிவம் வாங்கிப் போனார்கள், ஒன்பதுதான் திரும்பி வந்தது.

தன்னைத் தானே பரிந்துரைக்கலாமா என்று கேட்பார்கள். பத்ம விருதுக்கே அது செல்லும். நாங்களும் அனுமதித்தோம். ஆனால் தானாக வருகிற படிவத்தை மட்டும் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்காதீர்கள். டவுனுக்குள் ஆபீஸ் வைத்திருப்பவர்களையே டவுன்காரர்கள் எழுதுவார்கள். கிராமத்துப் பக்கம் வேலை பார்ப்பவர், கூட்டத்தில் பேசாதவர், பெண் உறுப்பினர், இவர்கள் பெயர் வரவே வராது. ஜூலை நடுவில் உறுப்பினர் பட்டியலை வைத்துக்கொண்டு, "போன வருஷம் உங்களுக்கு ஒரு சிக்கல்னு வந்தப்போ சங்கத்துல யாரைக் கூப்பிட்டீங்க?" என்று பத்துப் பேருக்குப் போன் போடுங்கள். ஒரே பெயர் நாலு முறை வரும். அந்த ஆளுக்கு யாரும் படிவம் போட்டிருக்க மாட்டார்கள்.

படிவத்தில் இருக்கிற நம்பர்களையும் கட்டாயம் கூப்பிட வேண்டும். இதைச் செயலாளர் செய்யலாம், பத்து நிமிட வேலை.

தேர்வுக் குழுவுக்கு மூன்று பேர் போதும். இப்போது பதவியில் இருப்பவர்கள் வேண்டாம். ஒருவர் வெளி ஆளாக இருந்தால் நல்லது. நாங்கள் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியரைக் கூட்டி வந்தோம். கம்பிக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாதவர், ஆனால் "இதை எப்படி நம்புவது?" என்று கேட்கத் தெரிந்தவர். சொந்தக்காரர், பார்ட்னர், ஒரே சைட்டில் வேலை பார்ப்பவர் பெயர் பட்டியலில் இருந்தால் நடுவர் விலகிக்கொள்ள வேண்டும். இதை வாய்மொழியாக விடாமல் தீர்மானமாகப் போட்டு மினிட் புத்தகத்தில் ஏற்றிவிடுங்கள். முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சமாக இருக்கும்போது புத்தகத்தைக் காட்டலாம்.

மார்க் போடுவதிலும் கியூப் டெஸ்ட்டிலிருந்து ஒன்றைத் திருடினேன். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 என்ன சொல்கிறது? மூன்று கியூபின் சராசரியை எடு, ஏதாவது ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தால் அந்த மாதிரியே செல்லாது. அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காரருக்கு நடுவர்கள் போட்ட மார்க் 82, 78, 50. சராசரி 70, பதினைந்து சதவீதம் என்றால் பத்தரை. 50 வெளியே, 82ம் வெளியே. லேபில் என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இங்கே மூன்று பேரையும் எதிரெதிரே உட்கார வைத்தேன். 50 போட்டவர் வெகு நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார்: வகுப்பு எடுத்தது அவர்தான், ஆனால் விதிகளைத் தமிழில் சுருக்கி, படம் போட்டு, ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தது அவரிடம் வேலை பார்த்த டிராஃப்ட்ஸ்மேன். விசாரித்தோம், உண்மை. அந்த வருடம் சேவை விருதில் இரண்டு பெயர் வந்தது அப்படித்தான். சராசரியை மட்டும் பார்த்திருந்தால் அந்த டிராஃப்ட்ஸ்மேன் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டியிருப்பார்.

யாருமே தேறவில்லை என்றால் 'இந்த ஆண்டு இல்லை' என்று அறிவிக்கிற தைரியமும் வேண்டும். ஒரு வருடம் தலைமை விருதை அப்படி விட்டோம். கொஞ்சம் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான்.

இனி தகுதியுரை, அதாவது விருது எதற்காக என்று மேடையில் வாசிக்கிற குறிப்பு. கேடயத்துக்கு அலைகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள். அந்த 14 கேடய வருடத்தில் நான் எழுதியது இது: 'தன்னலமற்ற தொண்டால் சங்கத்தின் புகழை இமயத்தில் ஏற்றிய செயல் வீரர்.' அதே வரியைப் பெயரை மட்டும் மாற்றி ஆறு பேருக்கு வாசித்தோம். நாலாவது ஆளுக்கு வரும்போது முன்வரிசையில் ஒரு அம்மா சிரித்துவிட்டார்.

பத்ம விருதுப் பரிந்துரைக்கே 800 சொல்லுக்குள் என்று வரம்பு இருக்கிறது. நமக்கு 100 போதும். தேதி வேண்டும், எண்ணிக்கை வேண்டும், கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு விஷயம் வேண்டும். வகுப்புக்காரருக்கு எழுதியது இப்படித் தொடங்கியது: 'புதிய கட்டட விதிகள் வந்த 2019இல், எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், தன் சைட்டுகளுக்கு விடுமுறை விட்டு, 61 உறுப்பினர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் கருப்புப் பெயின்ட் அடித்த ஷட்டரிங் பலகை இன்றும் நம் சங்க அறையில் இருக்கிறது.' கூட்டத்தில் பாதிப் பேர் திரும்பிப் பலகை இருந்த மூலையைப் பார்த்தார்கள்.

செம்மல், சிகரம், திலகம் வகையறாவை அடியோடு விட்டுவிடுங்கள். பாரத ரத்னாவையே பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது. தாலுகா சங்கம் கொடுக்கிற பட்டம் விசிட்டிங் கார்டில் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன்.

தேர்வானவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். மேடையில் வைத்து அதிர்ச்சி கொடுப்பதெல்லாம் டிவிக்குச் சரி. எங்கள் பொருளாளரிடம் தலைமை விருது என்று போய்ச் சொன்னபோது, "மேடை இருக்கட்டும்பா. இந்தக் கணக்கை எனக்கு அப்புறம் யார் பார்ப்பா? ஒரு பையனைக் கொடு, மூணு மாசம் சொல்லித் தர்றேன், அப்புறம் பாக்கலாம்" என்றார். பையனைக் கொடுத்தோம். விருது அவருக்கு அடுத்த வருடம்தான் போனது. அதுவும் நல்லதற்குத்தான்.

தேர்வாகாதவர்களுக்கும் அழைப்பிதழ் அச்சாவதற்கு முன்னால் போன் செய்யுங்கள். ஒரு மூத்தவர் அழைப்பிதழைப் பார்த்துத்தான் தனக்கு இல்லை என்று தெரிந்துகொண்டார். இரண்டு வருடம் கூட்டத்துக்கே வரவில்லை. தப்பு என் மேல்தான்.

விழாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கேடயத்தில் இனிஷியலைச் சம்பந்தப்பட்டவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள், 'இரா.' என்பவரை 'ரா.' ஆக்கி மாட்டிக்கொண்டிருக்கிறேன். தகுதியுரையைத் தொகுப்பாளர் வாசிக்க வேண்டாம், பயன் பெற்ற ஒருவர் வாசிக்கட்டும். குடும்பத்துக்கு முன்வரிசையில் நாற்காலி போட்டு வைத்து, விருந்தினர் படை உட்காராமல் ஒரு ஆளைக் காவலுக்கு நிறுத்துங்கள். விருது கொடுப்பதைச் சிறப்புரைக்கு முன்னால் வைத்துவிடுங்கள். பேச்சாளர் விசுவேசுவரய்யாவின் கிருஷ்ணராஜசாகர் அணையில் ஆரம்பித்து 1955 பாரத ரத்னாவுக்கு வருவதற்குள் இலையில் சாம்பார் ஆறிவிடும், பாதிக் கூட்டம் பந்தியில் இருக்கும்.

மறுநாள் தகுதியுரையை அப்படியே மினிட் புத்தகத்தில் ஒட்டுங்கள். தேறாத படிவங்களைக் கிழித்துப் போடாமல் மூன்று வருடம் கோப்பில் வையுங்கள். இந்த வருடம் வயது போதாத வேலை அடுத்த வருடம் தேறும்.

அன்றைக்கு பைக்கில் கேள்வி கேட்ட பையன்தான் இப்போது செயலாளர். போன வாரம் போன் செய்து, நடுவராக வர முடியுமா என்றான். பட்டியலைப் படிக்கச் சொன்னேன். மூன்றாவது பெயர் என் மைத்துனர். "சரி சார், அப்ப நீங்க வேணாம்" என்று சொல்லி வைத்துவிட்டான்.