நடந்தும் எடை குறையவில்லையா?
70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் ஏறக்குறைய 150 கலோரி செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே 120 கலோரி இருக்கிறது. நடந்து வந்த பசியில் கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாலே செலவானது திரும்பி வந்துவிடும். பலருக்கு எடை அசையாமல் நிற்பது இதனால்தான்.

எனவே முதல் வேலை சமையலறையில். எண்ணெயைப் பாட்டிலிலிருந்து நேரே ஊற்றாமல் கரண்டியில் அளந்து ஊற்றுங்கள். சர்க்கரை சேர்த்த பானங்களை நிறுத்துங்கள். அவற்றால் வயிறு நிறையாது, கலோரி மட்டும் ஏறும். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு புரதம், மீதி மாவுச்சத்து. புரதத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அது குறைந்தால் கொழுப்போடு தசையும் கரையும்.

தசையைக் காக்க நடை மட்டும் போதாது. வாரம் 150 நிமிட வேக நடையோடு, 2 நாள் தண்டாலும் உட்கார்ந்து எழும் பயிற்சியும் செய்யுங்கள்: 8 முதல் 12 தடவை, 2 சுற்று. தரையில் தண்டால் வராவிட்டால் சுவரில் கை ஊன்றிச் செய்யலாம்.

புதிதாகத் தொடங்கும்போது தசைகள் நீரைப் பிடித்துவைப்பதால் எடை சற்று ஏறக்கூடும். பயப்பட வேண்டாம், இடுப்புச் சுற்றளவையும் சேர்த்துக் குறித்து வாருங்கள். காலையில் கழிப்பறை போய்வந்ததும், எதுவும் சாப்பிடுமுன் எடை பாருங்கள். ஒரு நாள் காட்டும் எடையைவிட வாரச் சராசரியே நம்பகமானது.

நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், உணவைக் குறைக்குமுன் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். மருந்தளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.