வாயேஜர்ஸ் ஏரிகளில் படகுவீடு: இலையுதிர்கால மீன்பிடிப் பயணத்துக்குத் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இருக்கிறது வாயேஜர்ஸ் தேசியப் பூங்கா. ரெய்னி, கபெடோகமா, நமகன், சேண்ட் பாயிண்ட் என நான்கு பெரிய ஏரிகள், 500க்கும் மேற்பட்ட தீவுகள். செப்டம்பர் பாதிக்கு மேல் பிர்ச் இலைகள் மஞ்சளாகும்போது கூட்டமும் இருக்காது, கொசுவும் இருக்காது. ஆனால் பொழுது சீக்கிரம் சாயும், காற்று திடீரென்று திசை மாறும். இந்த இரண்டையும் வைத்துத்தான் திட்டம் போட வேண்டும், மீனெல்லாம் அப்புறம்.

1. ஏரியை முடிவு செய்யுங்கள்

ரெய்னிக்கும் நமகனுக்கும் நடுவே கெட்டில் ஃபால்ஸில் அணை இருக்கிறது. படகுவீடு அதைத் தாண்டாது. ரெய்னி வேண்டுமென்றால் இன்டர்நேஷனல் ஃபால்ஸ் பக்கமிருந்து கிளம்புங்கள். மற்ற மூன்றும் ஒன்றோடொன்று சேர்ந்தவை. அவற்றுக்கு ஆஷ் ரிவர் அல்லது கிரேன் லேக் வசதி.

2. அனுமதிகள்

பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. இரவு தங்க அனுமதிச் சீட்டு வேண்டும், அதை இணையத்திலேயே எடுக்கலாம். 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு மினசோட்டா மீன்பிடி உரிமம் தேவை. நாட்டு எல்லை தண்ணீருக்கு நடுவே ஓடுகிறது, கண்ணுக்குத் தெரியாது. அந்தப் பக்கம் தூண்டில் போட கனடாவின் ஒன்டாரியோ மாகாண உரிமம் வேண்டும். முதல் தடவை இந்தப் பக்கமே இருந்துவிடுங்கள்.

3. மூன்று மணிக்குள் கரை சேருங்கள்

ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கும். செப்டம்பர் 20 வாக்கில் ஏழே காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். படகுவீடோ ஆமை வேகத்தில்தான் போகும். நாங்கள் முதல் முறை போனபோது ஐந்தரை மணிக்கு இடம் தேடினோம். பார்த்த மூன்று இடங்களிலும் ஏற்கெனவே ஆள் இருந்தார்கள். நாலாவது கிடைத்தபோது கயிற்றை டார்ச் வெளிச்சத்தில் கட்ட வேண்டியதாயிற்று.

இடம் தேர்ந்தெடுக்கும்போது அன்றிரவு காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று பாருங்கள். குளிர் இறங்கும் நாட்களில் பெரும்பாலும் வடமேற்கிலிருந்து அடிக்கும். அந்தப் பக்கம் மரமும் மேடும் மறைக்கிற மணல்கரைதான் நல்லது. முன்பக்கத்தை மெதுவாக மணலில் ஏற்றி, எஞ்சினை முன்னோக்கியே ஓடவிட்டு, பின்மூலைகள் இரண்டிலிருந்தும் கயிற்றைக் கரைக்குச் சாய்வாக இழுத்துக் கட்டுங்கள். இரண்டும் இறுகிய பிறகுதான் எஞ்சினை நிறுத்த வேண்டும். படுக்கப் போகுமுன் இன்னொரு முறை கயிற்றைப் பாருங்கள்.

4. மீன் பிடிக்கச் சின்னப் படகு

படகுவீட்டிலிருந்தே தூண்டில் போட்டுக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அது தங்குவதற்குத்தான். பின்னால் கட்டி இழுத்துவர ஒரு சின்ன மோட்டார் படகையும் சேர்த்தே வாடகைக்கு எடுங்கள்.

இங்கே எல்லாரும் தேடுவது வால்ஐ மீனை. மங்கலான வெளிச்சத்திலும் நன்றாகப் பார்க்கும் கண் அதற்கு. அதனால் விடியலிலும் அந்தியிலும் இரை தேடும். மூன்று மணிக்கே கரை சேரச் சொன்னது இதற்கும்தான். பக்கத்துப் பாறைத்திட்டுக்குப் போய்விட்டு, விளக்கு போட்டுக்கொண்டு சீக்கிரமே திரும்பிவிடலாம்.

கால் அவுன்ஸ் ஜிக்கில் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்) உயிருள்ள சிறுமீனைக் கோத்து 20 முதல் 30 அடி ஆழத்தில் தரையைத் தொட்டுத் தொட்டு எடுங்கள். அதற்கும் கீழே வேண்டாம். இனப்பெருக்கத்துக்கு உதவும் குறிப்பிட்ட நீளமுள்ள மீன்களைத் திரும்ப விட்டாக வேண்டும் என்பது விதி. ரொம்ப ஆழத்திலிருந்து இழுத்த மீன் காற்றுப்பை உப்பிப்போய், விட்டாலும் பிழைக்காது. அந்த ஆண்டின் நீள விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஏரி நடுவில் செல்போனை நம்ப முடியாது.

குழம்பு வைப்பதானால் வால்ஐயைக் கடைசியில் போடுங்கள், சட்டென்று உடைந்துவிடும். வறுவல்தான் அதற்குப் பொருத்தம்.

5. குளிரும் ஜெனரேட்டரும்

குளிருக்காக ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உள்ளே எச்சரிக்கைக் கருவி இருக்கிறதா, அடிக்கிறதா என்று சாவி வாங்கும்போதே சோதியுங்கள். தூங்கக் கதகதப்பான ஸ்லீப்பிங் பேக் கொண்டுபோனால் ஜெனரேட்டரே தேவைப்படாது.

6. திரும்பும் நாள்

கடைசி நாள் காலையில் தூண்டிலைத் தொடாதீர்கள். காற்று பலமாக இருந்தால் அது அடங்கக் காத்திருக்க அந்த நேரம் வேண்டும். கரைக்கு வந்ததும் இரைவாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி, சின்னப் படகின் அடைப்பானைத் திறந்து வடியவிட்டு, தூண்டில் நரம்பையும் வலையையும் உலர்த்துங்கள். முள் நீர்த்தெள்ளு என்ற அந்நிய உயிரி இந்த ஏரிகளில் ஏற்கெனவே இருக்கிறது. ஈர நரம்பில் ஒட்டிக்கொண்டு அது அடுத்த ஏரிக்குப் போய்விடும்.