தீபாவளிப் பட்டாசு வாங்கும் முன்

தமிழ்நாட்டில் தீபாவளியன்று பட்டாசு வெடிக்க காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8, இவ்வளவுதான் நேரம். 2018-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவை ஒட்டி அரசு வகுத்தது. சரவெடிக்கு அனுமதி கிடையாது. மருத்துவமனை, பள்ளி, கோயில் பக்கம் என்றால் 100 மீட்டராவது தள்ளிப் போய் வெடியுங்கள். உள்ளே படுத்திருக்கும் நோயாளியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

அப்புறம், ஆன்லைனில் பட்டாசு விற்கவே தடை. 'சிவகாசி நேரடி விலை, 80 சதவீதம் தள்ளுபடி' என்று வாட்ஸ்அப்பில் வந்தால் தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். பார்சல் வராமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர். உரிமம் உள்ள கடையில், பெட்டியில் பசுமைப் பட்டாசு, அதாவது புகையும் மாசும் குறைந்த பட்டாசு என்ற முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

வாங்கியதை ரயிலில் ஊருக்குக் கொண்டுபோக வேண்டாம். ஒரு மத்தாப்புப் பெட்டிகூட வேண்டாம். ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.