வெள்ளிக் கொலுசு திரும்பத் திரும்பக் கறுத்தது: என் அனுபவம்

நகைப்பெட்டியில் குவிந்து கிடந்ததைப் பிரித்து, ஜோடி ஜோடியாகக் கட்டி வைத்த பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்தது. வெள்ளிக் கொலுசுகள் மட்டும் சீக்கிரமே கறுத்துப்போயின. கவரிங்கோடு கிடப்பதால் இருக்கும் என்று தனி டப்பாவுக்கு மாற்றினேன், பலனில்லை. பல்பொடி போட்டுத் தேய்த்தால் அன்றைக்குப் பளபளக்கும், அப்புறம் பழைய கதைதான். சிலிக்கா ஜெல் பொட்டலமும் போட்டுப் பார்த்தாயிற்று.

உற்றுப் பார்த்தபோது ஒன்று பிடிபட்டது: கொலுசு முழுக்க ஒரே மாதிரி கறுக்கவில்லை. ரப்பர் பேண்ட் சுற்றியிருந்த இடத்தில் மை பூசியதுபோல ஒரு பட்டை, அங்கிருந்து விலக விலகப் பழுப்பு, கடைசியில் லேசான மஞ்சள். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்கள். அது வெள்ளியோடு சேர்ந்து உண்டாகும் வெள்ளி சல்பைடுதான் அந்தக் கறுப்பு. மூடிய டப்பா வேறு, பக்கத்தில் இருந்த மெட்டியையும் விடவில்லை.

ரப்பர் பேண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன். பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, கொலுசு தாளைத் தொடும்படி வைத்து, சமையல் சோடா தூவிக் கொதிநீர் ஊற்றினேன். அழுகிய முட்டை வாடை வந்தது, தேய்க்காமலே கறுப்பு போய்விட்டது. முத்து, கல் பதித்தவை, ஆக்சிடைஸ் செய்த நகைகளை மட்டும் இதில் போடாதீர்கள்.

நன்றாக ஈரம் போகத் துடைத்து, ஜோடிக்கு ஒரு ஜிப் கவர். கட்டுவதற்கு வெள்ளைப் பருத்தி நூல். மழைக்காலம் முடிந்தும் கறுக்கவில்லை, நிம்மதி.