வெல்வெட் எறும்பின் இனத்தை நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

பெயர்தான் எறும்பு, ஆனால் இது குளவி. பெண்ணுக்குச் சிறகு இல்லாமல் மணலில் ஓடித் திரிவதால் பலர் எறும்பு என்றே குறித்துவிடுகிறார்கள். உணர்கொம்பைப் பாருங்கள்: எறும்புக்கு முழங்கை போல மடங்கியிருக்கும், இதற்கு அப்படி மடங்காது. வயிற்றின் இரண்டாம் கண்டத்தில், மேல்தகட்டின் இருபுறமும் நெருக்கமான மயிரால் ஆன சிறு கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

அடுத்த தவறுதான் பெரியது: நிறத்தை வைத்தே இனத்தைச் சொல்லிவிடுவது. வட அமெரிக்கப் பாலைவனங்களில் வாழும் டாசிமியூட்டில்லா குளோரியோசா என்ற இனத்தை எடுத்துக்கொள்வோம். உடம்பெங்கும் நீண்ட வெள்ளை மயிர். அந்தப் பாலைவனங்களில் வளரும் கிரியோசோட் புதரின் பஞ்சுக்காய் ஒன்று எழுந்து நடப்பது போலிருக்கும். ஆனால் டாசிமியூட்டில்லா சூடோபாப்பஸ் என்ற வேறோர் இனமும் வெள்ளைதான்! வட அமெரிக்காவில் 300-க்கும் மேற்பட்ட இனங்கள் வெறும் 8 நிறக்கோலங்களைப் பகிர்ந்துகொள்கின்றன என்று 2015-இல் வந்த ஆய்வு காட்டியது. அதனால் மயிருக்கு அடியில் இருப்பதைத்தான் விவரிக்க வேண்டும்: தலையின் அகலம், தாடையின் பல், மேலோட்டிலுள்ள குழிகள், வயிற்றின் கடைசித் தகட்டில் ஓடும் வரிகள். மயிர் தேய்ந்து உதிரும், மங்கும். ஓடு அப்படியே இருக்கும்.

அந்தப் பஞ்சுக்காய் ஒற்றுமையை விவரிப்பில் வெள்ளை நிறத்துக்குக் காரணமாக எழுதிவிடவும் கூடாது. கிரியோசோட் அங்கே வந்து சேர்வதற்கு வெகுகாலம் முன்பே வெள்ளை மயிர் தோன்றிவிட்டது, அது உடம்பைச் சூடேறாமல் காக்கிறது என்று 2020-இல் தெரியவந்தது. கண்ணால் பார்த்ததை எழுதுங்கள், ஊகத்தைத் தனியே வையுங்கள்.

அப்புறம், ஆண். அதற்குப் பெரும்பாலும் சிறகு உண்டு. நிறமும் பெண்ணிடமிருந்து மாறலாம். ஒரே இனத்தின் ஆணுக்கும் பெண்ணுக்கும் இரண்டு பெயர் வைத்த கதை இந்தக் குடும்பத்தில் ஏராளம். உணர்கொம்பின் கண்டங்களை எண்ணிவிடுங்கள்: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13. இணைசேரும் ஜோடி கிடைத்தாலோ மரபணு பொருந்தினாலோ தவிர, இது அதன் ஆண் என்று எழுதாதீர்கள்.

உடல் நீளத்தையும் நம்ப முடியாது. இதன் புழு மற்றக் குளவி, தேனீக்களின் கூட்டுக்குள் இருக்கும் இளம் உயிரைத் தின்று வளர்கிறது. தின்ற இரை சிறியதென்றால் குளவியும் சிறியது. ஒன்றை மட்டும் அளந்துவிட்டுப் புது இனம் என்று அறிவிப்பது அவசரம்.

சரி, பிடிக்கும்போது கையை நீட்டாதீர்கள். பெண்ணின் கொடுக்கு உடம்புக்கு மிக நீளம், வலி கடுமை. இடுக்கியால் எடுங்கள், கிறீச்சென்று கத்தும், பதறி விட்டுவிட வேண்டாம். பிடித்த இடம், தேதி, கடல்மட்டத்திலிருந்து உயரம், பகலா இரவா என்பதை அங்கேயே சீட்டில் எழுதிக் கூடவே வையுங்கள்.