கர்ப்பப்பை பாலிப்பை எடுப்பதற்கு முன் நாள் கணக்கைச் சரிபாருங்கள்

குழந்தைக்காகச் சிகிச்சை எடுக்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பாலிப்' என்று வந்துவிட்டால், வீட்டில் அதைக் 'கட்டி' என்று சொல்லிப் பதறிவிடுகிறார்கள். நார்க்கட்டி வேறு, இது வேறு. நார்க்கட்டி கர்ப்பப்பையின் தசையிலிருந்து வளர்வது. பாலிப் என்பது உள்சவ்வே ஓரிடத்தில் கூடுதலாக வளர்ந்து, காம்போடு தொங்கும் மல்லிகை மொட்டுப் போல உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது. குழந்தை பெறும் வயதில் பெரும்பாலும் அது சாதாரணச் சதைதான். கரு வந்து ஒட்ட வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதுதான் தொந்தரவு.

ஸ்கேன் எந்த நாளில் எடுத்தது என்று முதலில் பாருங்கள். மாதவிடாய் ஆரம்பித்து 20ஆம் நாள் வாக்கில் உள்சவ்வு தடித்து மடிந்திருக்கும். அந்த மடிப்பே பாலிப் மாதிரி தெரியும். நிஜ பாலிப் அதற்குள் மறைந்தும் போகும். அடுத்த மாதவிடாய் நின்றதும், சவ்வு மெல்லிசாக இருக்கும்போது உள்வழி ஸ்கேனை (பிறப்புறுப்பு வழியே எடுப்பது) மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். பாதிப் பதற்றம் இதிலேயே தீர்ந்துவிடும். அப்போதும் சந்தேகம் இருந்தால், மெல்லிய குழாய் வழியே கொஞ்சம் சலைன் செலுத்திப் பார்க்கும் ஸ்கேன் உண்டு. திரவத்துக்கு நடுவே பாலிப் தனியாக நிற்கும்.

எல்லா பாலிப்பையும் எடுத்தாக வேண்டும் என்பதில்லை. 1 செ.மீ.க்குக் குறைவானவை சில சமயம் தானாகவே மறைந்துவிடும். ஆனால் ஐயுஐக்கு (விந்தணுவை மெல்லிய குழாயால் கர்ப்பப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) காத்திருப்பவர்களுக்கு எடுப்பதில் லாபம் இருக்கிறது. ஸ்பெயினில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பாலிப்பை எடுத்த பெண்களில் 63 சதவீதம் பேரும், எடுக்காதவர்களில் 28 சதவீதம் பேரும் கருத்தரித்தார்கள். எடுத்தவர்களில் பலர் முதல் ஐயுஐ செய்வதற்கு முன்பே கருவுற்றார்கள். ஐவிஎஃப்புக்கு (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சை) இவ்வளவு வலுவான ஆதாரம் கிடையாது. இருந்தாலும் அத்தனை ஊசியும் செலவும் செய்து உருவாக்கிய கருவை, பாலிப் இருக்கும் கர்ப்பப்பையில் வைக்கப் பெரும்பாலான மருத்துவர்கள் விரும்புவதில்லை. அது நியாயம்தான்.

ஊசி போட ஆரம்பித்த பிறகு பாலிப் தெரிந்தால் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட வேண்டியதில்லை. முட்டைகளை எடுத்து, கருவாக்கி, உறைய வைத்துவிடலாம். மாதவிடாய் வந்து நின்றதும் பாலிப்பை எடுத்துவிட்டு, அதற்கடுத்த சுழற்சியில் கருவை வைக்கலாம்.

நாள் கணக்கு

எடுப்பதற்கு ஏற்றது மாதவிடாயின் 6 முதல் 10ஆம் நாள் வரை. ரத்தம் நின்றிருக்கும், சவ்வு மெல்லிசாக இருக்கும், கருவுற்றிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் பக்கம் தவறு நடப்பது எண்ணுவதில்தான். தலைக்குக் குளித்த நாளை முதல் நாளாக வைத்துச் சிலர் சொல்கிறார்கள். அதில் மூன்று நாள் தள்ளிப்போய்விடும். லேசான கறை கணக்கில்லை, நன்றாகப் போக்கு ஆரம்பித்த நாளே முதல் நாள். 4ஆம் தேதி ஆரம்பித்தால், 9 முதல் 13ஆம் தேதிக்குள் ஆபரேஷன் தியேட்டர் கிடைக்க வேண்டும். அதனால் முதல் நாளே ஃபோன் செய்து தேதி வாங்குங்கள். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்கு மாதவிடாயை வரவைக்க மாத்திரை தருவார்கள். யாராக இருந்தாலும் அன்று காலை சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்துவிடுவது நல்லது.

தேதி வாங்கும்போதே இன்னொன்றையும் கேளுங்கள்: "ஹிஸ்டரோஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே எடுப்பீர்களா, சுரண்டி எடுப்பீர்களா?" ஹிஸ்டரோஸ்கோப் என்பது கர்ப்பப்பைக்குள் விட்டுப் பார்க்கும் கேமராக் குழாய். கண்ணால் பார்க்காமல் டி அண்ட் சி (கர்ப்பப்பை வாயை விரித்து உள்ளே சுரண்டுவது) செய்தால் கருவி பாலிப்பின் மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். காம்பு அப்படியே நிற்கும், நல்ல சவ்வு மட்டும் சுரண்டப்பட்டு வந்துவிடும். குழந்தைக்குக் காத்திருப்பவருக்கு இது இரட்டை நஷ்டம்.

முந்தின நாளும் அன்றைய காலையும்

ஹீமோகுளோபின், சர்க்கரை, ரத்த வகை, எச்ஐவி, மஞ்சள் காமாலைக் கிருமிப் பரிசோதனைகளை முன்பே முடித்துவிடுங்கள். ஆஸ்பிரின், ரத்தம் உறையாமல் இருக்கும் ஊசி, மெட்ஃபார்மின் எடுப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஐவிஎஃப் நோயாளிகள் பலர் இவற்றை எடுப்பதால் 'அது சத்து மாத்திரை' என்று நினைத்துச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

மயக்கம் கொடுப்பதாக இருந்தால் 6 மணி நேரம் வெறும் வயிறு. பால் கலந்த காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்வரை குடிக்கலாம்.

கர்ப்பப்பை வாயை இளக்க, சில மணி நேரம் முன்பு மிசோபிராஸ்டால் மாத்திரை வைக்கச் சொல்வதுண்டு. வயிற்றைப் பிசையும், குளிரும், பேதியும் ஆகலாம். சேலத்தில் சிகிச்சை எடுக்கும், மலை மேல் ஏற்காட்டிலோ நாகலூரிலோ இருப்பவர்கள் அந்த மாத்திரையை வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி வர வேண்டாம். முந்தின இரவே சேலத்தில் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். மழைக் காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை அடைபடுவதும் உண்டு. ஒரு நாள் தவறினால் ஒரு மாதம் தள்ளிப்போகும். திரும்பும்போதும் அப்படித்தான்: மயக்கம் தெளிந்த சூட்டோடு மலை ஏறினால் வாந்திதான் வரும்.

உள்ளே நடப்பது

3 முதல் 5 மி.மீ. தடிமனுள்ள கேமராக் குழாயைக் கர்ப்பப்பை வாய் வழியாகச் செலுத்தி, சலைனால் உள்ளறையை விரிப்பார்கள். வயிற்றில் கீறல் கிடையாது. இரண்டு கருக்குழாய் வாய்களையும் பார்த்துவிட்டு, பாலிப்பைக் காம்போடு, அடி வரைக்கும் வெட்டி எடுப்பார்கள். அடி மிச்சமிருந்தால் மறுபடி வளரும். சிறிய பாலிப்புக்குக் கத்தரியே போதும். மின்சாரக் கம்பி தேவைப்பட்டால், சுற்றியுள்ள சவ்வில் சூடு படாமல் பார்க்க வேண்டும். பட்ட இடத்தில் தழும்பு விழுந்து உட்சுவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். உள்ளே போன சலைனையும் வெளியே வந்ததையும் அளந்துகொண்டே இருப்பார்கள். உடம்பில் தங்கியது 2,500 மி.லி.யைத் தொட்டால் நிறுத்திவிட வேண்டும்; சலைனுக்குப் பதில் கிளைசின் திரவமென்றால் 1,000 மி.லி.தான் வரம்பு. பாலிப்புக்குப் பெரும்பாலும் அவ்வளவு தேவைப்படாது, அரை மணிக்குள் வேலை முடிந்துவிடும். கர்ப்பப்பையில் ஓட்டை விழுவது அபூர்வம்.

இனி அந்தச் சிறு பாட்டில். எடுத்த சதை, கெடாமல் வைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போடப்பட்டு பயாப்சிக்குப் போகும். டிபி கல்ச்சரும் (காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்க்கச் சொல்லியிருந்தால் ஒரு துண்டைத் தனியாகச் சலைனில் வைக்க வேண்டும். ஃபார்மலினில் விழுந்த சதையில் கிருமி வளராது, பிறகு அந்தச் சோதனையைச் செய்யவே முடியாது. இதைத் தியேட்டருக்குப் போகும் முன்பே மருத்துவரிடம் நினைவூட்டுங்கள். லேபுக்குப் பாட்டிலை வீட்டார் கையில் கொடுத்தனுப்பினால் பெயர், தேதி, எடுத்த இடம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பிறகு

பெரும்பாலும் அன்று மாலையே வீட்டுக்குப் போகலாம். ஒரு வாரம் வரை லேசான கறை படும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். கறை நிற்கும் வரை தாம்பத்தியம், டாம்பன், நீச்சல் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் நனைவது, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளைப்படுதல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி: இதில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். செய்த மருத்துவமனையை எட்ட முடியாவிட்டால் 108ஐ அழைத்து, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் பாலிப் எத்தனை, எந்தச் சுவரில், எவ்வளவு பெரிசு, அடியோடு வந்ததா, குழாய் வாய்கள் தெரிந்தனவா என்று எழுதி வாங்குங்கள்; படமும் கேளுங்கள். கோவைக்கோ சென்னைக்கோ மருத்துவமனை மாற்றினால், இந்தச் சீட்டு இல்லாததால்தான் மறுபடி ஹிஸ்டரோஸ்கோபி எழுதுகிறார்கள்.

பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வராமல் அடுத்த கட்டத்துக்குப் போகாதீர்கள். ரிப்போர்ட் சாதாரணமாக இருந்து ஒரு மாதவிடாயும் வந்துவிட்டால், அந்தச் சுழற்சியிலேயே ஐயுஐயோ உறைந்த கருவை வைப்பதற்கான மாத்திரையோ ஆரம்பிக்கலாம்.