ஜெர்மனியில் போஸ்ட்டாக் தேடுபவர்களுக்கு: முதலில் நிதி எங்கே என்று பாருங்கள்

பிஎச்டி முடித்த கையோடு பலரும் வேலை அறிவிப்புத் தளங்களில் உட்கார்ந்துவிடுகிறார்கள். அது மட்டும் போதாது. ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் பல போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிந்தைய ஆய்வுப் பணி) இடங்கள் ஒரு குறிப்பிட்ட ஆய்வுத் திட்டத்தின் பணத்தில் உருவாகின்றன. பணம் வந்த பிறகுதான் அறிவிப்பு வரும். அதனால் பணம் யாருக்கு வந்திருக்கிறது என்பதிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: திட்டங்களைத் தேடுங்கள்

டிஎஃப்ஜி என்னும் ஜெர்மன் ஆராய்ச்சி நிதி அமைப்பு, தான் நிதி கொடுக்கும் திட்டங்களை 'கெப்ரிஸ்' என்ற தரவுத்தளத்தில் போட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலத்திலும் தேடலாம், கட்டணம் இல்லை. 'வேதியியல்' என்று பொதுவாகத் தேடினால் குவியலாக வந்து விழும். 'பெரோவ்ஸ்கைட் சூரிய மின்கலம்' என்பதுபோல உங்கள் ஆய்வை ஒட்டிய சொல்லை ஆங்கிலத்தில் இடுங்கள். ஒவ்வொரு திட்டத்திலும் காலம் எழுதியிருக்கும். முடிந்துபோனவற்றை விட்டுவிட்டு, அண்மையில் தொடங்கியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதிக்கு 'கோர்டிஸ்' தளம். அங்கே ஈஆர்சி (ஐரோப்பிய ஆராய்ச்சிக் கவுன்சில்) ஸ்டார்ட்டிங் கிராண்ட் வாங்கியவர்களைக் கவனியுங்கள். 5 ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ வரை கிடைக்கும் நிதி அது. வாங்கியவர் பெரும்பாலும் புதிதாகக் குழு சேர்க்கும் இளம் ஆய்வாளராக இருப்பார்.

படி 2: மின்னஞ்சல் எழுதுங்கள்

நீங்கள் குறித்துவைத்த திட்டத்தை நடத்துபவரின் அண்மைக் கட்டுரைகள் இரண்டையாவது படித்துவிட்டு எழுதுங்கள். 'மதிப்பிற்குரிய பேராசிரியரே, உங்கள் ஆய்வு என்னைக் கவர்ந்தது' என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதில் பயனே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது சாரம் இப்படி இருக்கட்டும்:

"ஈரப்பதத்தில் பெரோவ்ஸ்கைட் படலம் சிதைவதை உங்கள் புதிய திட்டம் ஆராய்கிறது. அதே சிதைவை என் பிஎச்டியில் எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு மூலம் அளந்தேன், கட்டுரையை இணைத்திருக்கிறேன். அக்டோபர் முதல் சேர முடியும். திட்டத்தில் இடம் இருக்கிறதா? இல்லையென்றால் உங்களுடன் சேர்ந்து நல்கைக்கு (ஃபெலோஷிப்) விண்ணப்பிக்க விரும்புகிறேன்."

அவ்வளவுதான். தன்விவரக் குறிப்பையும் சேர்த்து அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

படி 3: அறிவிப்பைப் படிக்கும் விதம்

யூராக்ஸெஸ் என்ற ஐரோப்பிய ஆய்வு வேலைத் தளம், பல்கலைக்கழகங்களின் சொந்தப் பக்கங்கள் ஆகியவற்றையும் பார்த்துவாருங்கள். சம்பளத் தொகைக்குப் பதில் 'டிவி-எல் ஈ13' என்று இருக்கும். அது அரசு ஊதிய விகிதம். 'பெஃப்ரிஸ்டெட்' என்றால் ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. 100 சதவீத வேலையா, பகுதி நேரமா என்பதையும் பாருங்கள், சம்பளம் அதைப் பொறுத்தது. ஈ13-க்குள்ளும் அனுபவத்துக்கு ஏற்ற நிலைகள் உண்டு. முந்தைய பணிச் சான்றிதழ்களைக் கையெழுத்திடும் முன்பே கொடுத்து, எந்த நிலையில் வைப்பார்கள் என்று கேட்டுவிடுங்கள். தயங்க வேண்டாம், இது உங்கள் உரிமை.

படி 4: சொந்த நல்கை

பேராசிரியர் 'ஆர்வம் இருக்கிறது, பணம் இல்லை' என்றால் அது நல்ல பதில்தான். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை தரும் நல்கைக்கு ஆண்டு முழுவதும் விண்ணப்பிக்கலாம்; ஜெர்மனியில் உங்களை ஏற்பவரின் ஒப்புதல் கட்டாயம். அது அவரிடமிருந்தே கிடைத்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி நல்கைக்கு வேறொரு நிபந்தனை: கடைசித் தேதிக்கு முந்தைய 36 மாதங்களில், போகவிருக்கும் நாட்டில் 12 மாதங்களுக்கு மேல் வசித்திருக்கவோ வேலை பார்த்திருக்கவோ கூடாது. ஜெர்மனியிலேயே இப்போதுதான் பிஎச்டி முடித்தவர் என்றால், இதற்கு வேறு நாட்டுப் பேராசிரியரைத்தான் தேட வேண்டும்.